ரெண்டு கார்புரேட்டர் வண்டி

வண்டி வந்து இறங்கிய அன்று தெருவே வாசலில் நின்று சிரித்தது. வண்டி என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். தள்ளுவண்டியின் மேல் துருவேறிய ஒரு சட்டகம், அதில் பாதி தொங்கியும் பாதி ஒட்டியும் இருந்த எஞ்சின், காற்றே இல்லாத இரண்டு சக்கரங்கள். மிச்சமெல்லாம் ஒரு சாக்குக்குள் இருந்தது. சாக்கை இறக்கியபோது பாத்திரக்கடை சரிந்த மாதிரி சத்தம் கேட்டது.

"என்னண்ணே, பழைய இரும்புக் கடை போடப் போறீங்களா?" என்றார் எதிர்வீட்டு இஸ்திரிக்காரர்.

"போட்டா முதல்ல உங்க இஸ்திரிப் பெட்டியத்தான் எடைக்கு எடுப்பேன்" என்று சொல்லிவிட்டு டேங்கர் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டான். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். தெருவில் எல்லோருக்கும் அவன் டேங்கர்தான். பெற்றவர்கள் வைத்த பெயரை அவன் மனைவியே ஏதாவது கோபத்தில்தான் சொல்வாள்.

"என்னங்க சத்தம்?" உள்ளறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. ஒரு மோட்டார் சைக்கிள்."

"மோட்டார் சைக்கிளா? யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல. மோட்டார் சைக்கிள் மட்டும்தான் வந்திருக்கு."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கடந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவள் எதையுமே இரண்டாவது தடவை கேட்பதில்லை.

அவள் கடிகாரம் பழுது பார்க்கிறவள். கடைத்தெரு மேட்டில், அவளுடைய அப்பா வைத்திருந்த பெட்டிக்கடை அளவு இடத்தில், கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பாள். ஊரில் நின்றுபோன கடிகாரம் எல்லாம் அவள் கைக்கு வந்துதான் திரும்ப ஓடும். ஒரு மழை நாளில் கடைப்படியில் கால் வழுக்கி முதுகடிபட விழுந்தாள். எலும்பு கூடியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. "இனி இப்படித்தான், பழகிக்கணும்" என்று டாக்டர் சொன்னபோது அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் கடைச் சாவியை அலமாரிக்கு உள்ளே போட்டாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலியை மூலையில் வைக்கச் சொன்னாள். அதன்மேல் துவைத்த துணி குவிந்தது. நாற்காலி மடிப்பதற்காகக் காத்திருக்கும் துணிக்கு நிரந்தர இடமாகிவிட்டது.

அவளை வெளியே கூப்பிடாதவர்கள் இல்லை. அவளுடைய தம்பி, பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். "வா அக்கா, சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்துரலாம்."

"மூட்டை மாதிரி என்னைத் தூக்கி உள்ள போடுவே. இறக்கும்போது நாலு பேரு கூடுவாங்க. என் மூஞ்சியவா பாப்பாங்க? காலத்தான் பாப்பாங்க. போடா."

டேங்கர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான். அவனுக்குப் பேசிச் சமாளிக்கத் தெரியாது. ஆனால் தண்ணீர் நிரப்பும் இடத்தில் பின்பக்கக் கொட்டகைக்குள் கிடந்த இந்தப் பழைய வண்டியைப் பார்த்ததிலிருந்து அவனுக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. "எடுத்துட்டுப் போறதுன்னா போ, இடமாவது காலியாகும்" என்றார் மேற்பார்வையாளர். யோசனை என்ன என்பதை மைத்துனனிடம் மட்டும் சொன்னான்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா உங்களையும் சேத்து வெல்டு வச்சிரும் மச்சான்."

"அதான் சொல்லாதங்கறேன் மாப்ள."

வேலை முடிந்து வந்து வெளிச்சம் இருக்கும்வரை வாசலில் குந்தி உட்கார்ந்து வண்டியைப் பார்த்தான். துருவை உரசினான். சங்கிலி மாற்றினான். பிரேக் பிடித்தது, விளக்கு எரிந்தது, பிளக்கில் நெருப்புப் பொறியும் வந்தது. எஞ்சின் மட்டும் பிடிவாதம் பிடித்தது. உதைத்தால் இரண்டு தடவை இருமும். புகையைக் கக்கும். வெடித்துவிட்டு அடங்கும்.

கோளாறு கார்புரேட்டரில்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மற்ற வண்டிக்கு ஒன்று இருந்தால் போதும். இது இரண்டு சிலிண்டர் வண்டி, ஆளுக்கொன்றாக இரண்டு கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலந்து ஊட்டுகிற, உள்ளங்கையில் அடங்கும் உலோகக் குடுவைகள். இரண்டும் ஒரே அளவில் ஊட்டினால்தான் எஞ்சின் சீராக ஓடும். கொட்டகையில் கிடந்த காலத்தில் உள்ளே நின்ற பெட்ரோல் பிசினாகிப் பச்சையும் பழுப்புமாக இறுகிப்போயிருந்தது. திறந்தபோது அழுகின வார்னிஷ் வாடை வீடு முழுக்கப் பரவியது.

"ஏங்க, சோத்துலயும் பெட்ரோல் நாத்தம் அடிக்குதுங்க" என்றாள் அவள். பல வாரங்களில் அவளாகப் பேசின நீளமான வாக்கியம் அதுதான்.

அந்த வாரம்தான் தம்பியிடம் இன்னொன்றும் சொல்லி வைத்தாள். கடையிலிருந்து கொண்டுவந்து துணியில் கட்டி வைத்திருந்த கருவிப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். பஸ் நிலையத்துப் பக்கம் புதிதாகக் கடிகாரக் கடை வைத்திருக்கிறவன் கேட்டிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளட்டும். தம்பி மச்சானிடம் வந்து சொன்னான். டேங்கர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். பிறகு எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை வானம் மூடிக்கொண்டிருந்தது. வாசலில் வெளிச்சம் பற்றவில்லை. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வரும் இடம் அவள் படுத்திருந்த அறையின் சன்னல்தான். ஒரு தட்டில் கார்புரேட்டர் சாமான்களைப் பரப்பிக்கொண்டு அவன் சன்னலடியில் வந்து உட்கார்ந்தான். ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு, அதன் நடுவே முடி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் போகவேண்டும். அது அடைத்திருந்தது. டேங்கர் ஒரு இரும்புக் கம்பியைத் தேய்த்துக் கூர்மையாக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு குத்தத் தொடங்கினான்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"என்ன பண்றீங்க?"

"அடைப்பு எடுக்கறேன்."

"எதால?"

"கம்பியால."

"இரும்புக் கம்பியாலயா! பித்தளையில போய் இரும்புக் கம்பிய விட்டுக் குத்துவாங்களா? இங்க குடுங்க."

"நீ படுத்துக்க, நான்..."

"குடுங்கன்னா."

கையை ஊன்றி எழுந்து சுவரில் சாய்ந்தாள். ஜெட்டை வாங்கி சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். கண்ணைச் சுருக்கினாள். பிறகு, தன்னிடம் இல்லாத ஒன்றைத் தேடுகிறவளைப் போல வலது கை பக்கத்தில் துழாவியது. டேங்கர் அதைப் பார்த்தான்.

"அந்தப் பெட்டிய எடுத்துட்டு வாங்க" என்றாள் கடைசியில்.

துணி முடிச்சை அவளே அவிழ்த்தாள். லென்ஸை எடுத்து ஊதி, முந்தானையில் துடைத்து, கண்குழியில் இடுக்கிக்கொண்டாள். முகம் ஒரு பக்கம் கோணி, வாய் லேசாகத் திறந்து, அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரிந்த அந்த அழகில்லாத முகம் திரும்பி வந்தது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே ஓடிக்கொண்டிருந்த கைக்கடிகாரத்தை ஒரு காலத்தில் நிறுத்தி நிறுத்தி அவள் கடைக்கு எடுத்துப் போனவன் அவன்.

"நாசமாப் போச்சு" என்றாள்.

"என்ன?"

"வட்டமா இருந்த ஓட்டைய முட்டை மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க. இன்னொண்ணு எங்க? அதையும் குத்திட்டீங்களா?"

"இல்ல. அதை இனிமேதான் குத்தலாம்னு..."

"புண்ணியமாப் போகும், விட்டுருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிறு குலுங்காத சின்னச் சிரிப்புதான். ஆனாலும் டேங்கர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தால் கண் காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது ஜெட்டைக் கடிகாரம் கழுவும் கரைசலில் ஊறப் போட்டாள். பிசின் இளகியதும் பல் தேய்க்கும் பிரஷ்ஷிலிருந்து ஒற்றை நாரைப் பிடுங்கி, இடுக்கியால் பிடித்து உள்ளே விட்டு எடுத்தாள். வாயால் ஊதாமல் கடிகாரத்துக்கு ஊதும் ரப்பர் குமிழால் ஊதினாள். அந்த ஓட்டையில் வானம் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. கெட்டுப்போன ஜெட்டை என்ன செய்வது? வேறு வாங்கலாம் என்றால் இந்த வண்டிக்கு எங்கே போய்த் தேடுவது? அவள் வெகுநேரம் அதை விரலால் உருட்டினாள். பிறகு ஓட்டையைச் சால்டர் ஈயம் உருக்கி மூடிவிட்டு, நல்ல ஜெட்டுக்குள் இறுக்கமாக நுழைகிற ஊசித் துளைப்பானைத் தேர்ந்தெடுத்து, அதே அளவில் புது ஓட்டை போட்டாள். மோட்டார் இல்லை, விரலால் சுழற்றினாள். பித்தளைத்தூள் காகிதத்தில் பொடிப்பொடியாக விழுந்தது.

மறுநாள் காலை தம்பி வந்தபோது அறையே பட்டறையாகியிருந்தது. அக்கா கட்டிலிலும் மச்சான் தரையிலும் உட்கார்ந்து, இருவருக்கும் நடுவே ஒரு பாத்திரத்தில் வெந்நீர்.

"என்ன, முட்டை அவிக்கிறீங்களா?"

"உன் தலைய அவிக்கிறோம். வாய மூடிட்டுப் பாரு."

பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டியபோதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே ஏதோ தளும்பியது. வெந்நீரில் அமுக்கியதும் ஓர் ஓரத்திலிருந்து குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. பொத்தல். பெட்ரோல் உள்ளே புகுந்து மிதவை மூழ்கி, குடுவை வழிந்து, ஒரு சிலிண்டர் மட்டும் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது இதனால்தான்.

"குடு அக்கா, பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் ஒரே வெல்டு..."

"நீ வெல்டு வச்சா இது மிதக்காது, நங்கூரம் மாதிரி நிக்கும். முதல்ல அந்தப் பெட்ரோல் டின்ன வெளிய கொண்டு வை. இங்க சூடு வைக்கப் போறேன்."

உள்ளிருந்ததைச் சொட்டுச் சொட்டாக வடித்து, உலர வைத்து, கடுகளவு சால்டரில் பொத்தலை அடைத்தாள். பிறகு இரண்டு மிதவைகளையும் ஒரு குச்சியின் இரு முனையில் தொங்கவிட்டு எடை பார்த்தாள். ஒன்று தாழ்ந்தது. அதிகப்படி ஈயத்தைச் சுரண்டினாள். மறுபடி தொங்கவிட்டாள். குச்சி நேராக நின்றது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள் குரல் கேட்டது. பஸ் நிலையத்துக் கடிகாரக்காரர்.

தம்பி மச்சானைப் பார்த்தான். மச்சான், மூடியிடுக்கில் கசியாமலிருக்க கேஸ்கட் வெட்டுகிற அட்டையைப் பார்த்தான். அவள் மட்டும்தான் தலை நிமிராமல் இருந்தாள்.

"அக்கா, பெட்டிக்கு வந்திருக்காரு."

"எந்தப் பெட்டிக்கு?"

"நீதானே சொன்ன..."

"இப்ப வேலை நடந்துகிட்டிருக்கு, தெரியலயா? டீ போட்டுக் குடுத்து அனுப்பு."

"அப்புறம் வரச் சொல்லவா?"

இடுக்கியின் நுனியில் ஒரு வாஷர் ஆடாமல் நின்றது. "எதுக்கு அவர அலைய வைக்கணும்?" என்றாள்.

டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு அந்த மனிதர் போனார். போகும்போது, தன்னிடமிருக்கிற ஒரு பெண்டுலக் கடிகாரம் தனக்கே பிடிபடவில்லை, கொண்டுவந்தால் பார்ப்பார்களா என்று தம்பியிடம் கேட்டுவிட்டுப் போனாராம். தம்பி அதை உடனே சொல்லவில்லை. அக்காவின் மனநிலையைப் பார்த்து மெதுவாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டான்.

சேர்த்து முடித்த கார்புரேட்டர்களை டேங்கர் வண்டியில் பூட்டினான். உதைத்தான். எஞ்சின் ஒரு தடவை தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தெரு நாய் எழுந்து ஓடியது. இஸ்திரிக்காரர் பெட்டியும் கையுமாக வெளியே வந்தார். ஆனால் சத்தம் சரியில்லை. நொண்டியது.

"ரெண்டும் ஒண்ணாத் தூக்கல" என்று உள்ளேயிருந்து கத்தினாள். "ஒண்ணு முந்துது."

"எது?"

"இங்கருந்து எப்படிங்க தெரியும்? பக்கத்துல இருந்து கேட்டாத்தான் தெரியும்."

எஞ்சினை அணைத்தான். தெரு அமைதியானது. அவன் உள்ளே வந்து, நாற்காலி மேலிருந்த துணியை அள்ளிக் கட்டிலில் போட்டான். அவள் நாற்காலியைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். கையில் பிசுபிசுத்த எண்ணெயைத் துடைத்தாள்.

"வாசல் வரைக்கும்தான்" என்றாள்.

"வாசல் வரைக்கும்தான்."

அவளை நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளிவந்து அவன் எஞ்சினை மறுபடி உதைத்தான். அவள் ஒரு துண்டு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயருகிலும் பிடித்தாள், டாக்டர் நெஞ்சு பார்ப்பதைப் போல. காற்று உறிஞ்சும் சீறல் இரண்டிலும் ஒரே கனத்தில் கேட்க வேண்டும். "இடது கேபிள கொஞ்சம் இறுக்குங்க. போதும் போதும். அரைச் சுத்து திருப்பிருங்க. இப்ப வலது பக்கத்துக் காத்துத் திருகு." எஞ்சின் நொண்டலை விட்டது. சத்தம் தாழ்ந்து, உருண்டு, ஒரே சுருதியில் நின்றது. இஸ்திரிக்காரர் கை தட்டினார். அவள் குழாயை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள், திருப்தியாக. அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

"இது என்னங்க?"

சட்டகத்தின் இடது பக்கம், கீழே, புதிதாக வெல்டு வைத்த இரும்புக் காதுகள்.

"அக்கா, பட்டறையில கேஸ அணைச்சேனான்னு தெரியல" என்று தம்பி நழுவப் பார்த்தான்.

"நில்லுடா. என்ன இது?"

டேங்கர் எஞ்சினை அணைத்தான். "சைடுகார் மாட்டறதுக்கு. பக்கத்துல ஒரு ஆள் உக்கார்ற பெட்டி."

"யாருக்கு?"

அவன் அவளுடைய நாற்காலியைப் பார்த்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே."

"அதுக்காகக் கேக்காமயே செய்வீங்களா? பெட்டியில உக்கார வச்சு ஊரெல்லாம் ஊர்வலம் விடலாம்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு. நான்தான் பைத்தியக்காரி மாதிரி ஓட்டைய அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன்."

"கேக்காம செஞ்சது தப்புதான்." அவன் வண்டியின் மேலிருந்த கையை எடுக்கவில்லை. "நான் தினமும் ஊர் முழுக்கத் தண்ணி ஊத்திட்டு வர்றேன். நாலு விஷயம் பாக்கறேன். வந்து உன்கிட்ட சொல்றேன். ஆத்துல தண்ணி வந்திருக்கு, பாலத்துக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்கன்னு. நீயும் சரி சரின்னு கேட்டுக்கறே. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. எனக்குச் சொல்லவும் வரல. நீயே வந்து பாத்துக்க."

அவள் நாற்காலியைத் தானே திருப்பினாள். பழக்கமில்லாததால் கதவு நிலையில் இடித்தது. டேங்கர் பிடிக்கப் போனான். "வேணாம்" என்றாள். இரண்டாம் முறை திருப்பி உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவனிடம் பேச்சில்லை. சோறு பிசைந்தாள், தட்டைத் தள்ளினாள், அவ்வளவுதான். வண்டி வாசலில் சாக்கு போர்த்திக்கொண்டு நின்றது. ஒரு நாள் மழை பிடித்தது. சாக்கு நனைவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேங்கர் அதைப் பார்த்துவிட்டு லாரிக்குப் போனான். அன்று முழுக்க எந்தக் கியரும் அவனுக்குச் சரியாக விழவில்லை.

சாயங்காலம் வந்தபோது தம்பி கட்டிலருகில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்தான்.

"முதுகு சாய நல்ல பலகை வேணும். இரும்பு குத்தும். இடுப்புல கட்ட ஒரு பெல்ட்டு. மழைத்தண்ணி நிக்காம அடியில ஓட்டை போட்டுரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். டேங்கரைக் கண்டதும் பேச்சை நிறுத்தவில்லை. "ஓட்டைய இவரப் போடச் சொல்லாத. முட்டை மாதிரி போடுவாரு."

டேங்கர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஆணி தவறிச் சட்டை கீழே விழுந்தது. அதை எடுக்காமலேயே போய் டீக்கு அடுப்பு பற்றவைத்தான்.

சைடுகார் மாட்டி முடிந்ததும், மழை விட்ட ஒரு காலையில் கிளம்பினார்கள். தம்பியும் டேங்கரும் தூக்கி அதில் உட்கார வைத்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெல்ட்டை மாட்டினாள். முக்காடு மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தெருமுனை வரை குனிந்த தலை நிமிரவில்லை. பெரிய ரோட்டில் ஏறிக் காற்று முகத்தில் அடித்ததும் முந்தானை தானாக விழுந்தது. அதை அவள் எடுத்துப் போடவில்லை.

கடைத்தெரு மேட்டில் பாதி ஏறும்போது எஞ்சின் நொண்டியது. வேறு எங்கே நின்றாலும் பரவாயில்லை, இந்த இடத்திலா? காய்கறிக்கடை, துணிக்கடை, பாத்திரக்கடை, எல்லாம் அவளைத் தெரிந்தவர்கள். டேங்கர் கைப்பிடியை முறுக்கிப் பார்த்தான். இருமிவிட்டு நின்றது.

"இறங்கித் தள்ளிடறேன். நீ கவலப்படாத" என்றான் அவசரமாக.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "அடடே, வாச்சுக்கார அக்கா!" என்று ஒருவர். "எப்படி ஓடியாடிட்டிருந்த பொண்ணு" என்று இன்னொருவர். துணிக்கடைக்காரரின் மனைவி முன்னால் வந்து, சைடுகாரின் மேல் குனிந்து, உச்சுக்கொட்டினாள். "ஐயோ பாவம், உன்னை இப்படிப் பாக்கணும்னு இருக்கே."

டேங்கர் மனைவியைப் பார்க்கத் துணியவில்லை.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று குரல் வந்தது. "வெளிச்சத்த மறைக்கிறீங்க."

திரும்பினான். அவள் ஒரு கையால் சைடுகாரின் விளிம்பைப் பிடித்துச் சாய்ந்து, கார்புரேட்டர் பக்கம் முகத்தைக் கொண்டுபோயிருந்தாள். உட்கார்ந்த நிலையில் அது அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. வேறு யார் பார்க்கவேண்டுமென்றாலும் மண்டி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"கேபிள் நட்டு லூசாகியிருக்கு. அதிர்வுல கழண்டிருக்கும். ஸ்பானர் குடுங்க. அது இல்ல, சின்னது. அண்ணே, நீங்க அந்தக் கைப்பிடியக் கொஞ்சம் முறுக்குங்க. மெதுவா. விடுங்க. திரும்ப." காய்கறிக்கடைக்காரர் பயபக்தியோடு முறுக்கினார். கூட்டம் பேச்சை விட்டுவிட்டு அவள் விரல்களைப் பார்த்தது. ஒருவர் குடையை விரித்து, அவளுக்கு வெளிச்சம் மறையுமே என்று, மறுபடி மடக்கினார்.

"உதைங்க" என்றாள் டேங்கரிடம்.

உதைத்தான். முதல் உதையிலேயே எஞ்சின் எடுத்துக்கொண்டது. சத்தம் தாழ்ந்து உருண்டது. அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். தலையசைத்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்றாள் துணிக்கடைக்காரரின் மனைவி. உச்சுக்கொட்டலெல்லாம் போய், குரலில் இப்போது வெறும் ஆவல்தான் இருந்தது.

அவள் கணவனைப் பார்த்தாள். கடைத்தெருவைத் தாண்டித் திரும்பிவிடலாம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். "பாலத்துக்கு" என்றாள் அவளே. "பெயின்ட் அடிச்சிருக்காங்களாம். என்ன கலர்னு கேட்டா இவருக்குச் சொல்லத் தெரியல."

மேட்டை ஏறி, கடைகள் முடிந்து, இரண்டு பக்கமும் வெட்டவெளி வந்தது. மழையில் கழுவின ரோடு நீளமாகக் கிடந்தது. திடீரென்று அவள் சைடுகாரின் தகரத்தைப் படபடவென்று தட்டினாள். டேங்கருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரம்கட்டி நிறுத்தினான்.

"என்ன? என்ன ஆச்சு? வலிக்குதா?"

காற்றில் முடியெல்லாம் கலைந்து கிடக்க, அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்கு நிறுத்தினீங்க? வேகமாப் போங்கன்னுதான் தட்டுனேன்."